படத்தைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா? சைகை மொழி மாணவர்களுக்கு இணையவழி சினிமா வகுப்பு: மூன்று வழிகள்

கோடம்பாக்கத்தில் ஒரு டீக்கடை. ஒருவர் தனியே உட்கார்ந்திருக்கிறார். மின்சார ரயில் வரும் சத்தம் முதலில் கேட்கிறது. பிறகுதான் காட்சி பிளாட்பாரத்துக்கு மாறுகிறது. எடிட்டிங் அறையில் இதை ஜே-கட் என்போம். படமும் ஒலியும் பட்டைகளாக வரிசையில் தெரியும் எடிட்டிங் திரையான டைம்லைனில், அடுத்த காட்சியின் ஒலி முந்திக்கொண்டு நீள்வது அந்த ஆங்கில எழுத்தைப் போலத் தெரியும்.

இந்த ஒரே பாடத்தைச் சென்னையில் சைகை மொழியில் பேசும் காது கேளாத மாணவர்களுக்கு இணையத்தில் மூன்று விதமாக நடத்தியிருக்கிறேன். மூன்றும் ஒன்றல்ல என்பதை அவர்கள் முகமே சொல்லிவிட்டது.

கேப்ஷன் மட்டும்

பேச்சைத் திரையின் அடியில் எழுத்தாகக் காட்டுவது இது. செலவு குறைவு, வேலையும் குறைவு. பதிவுசெய்த பாடத்துக்குக் கையால் திருத்திய கேப்ஷன் கட்டாயம் வேண்டும்; அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதுவே வகுப்பாகிவிடாது. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. கேள்வியா, மறுப்பா என்பதில் புருவத்துக்கும் தலையசைவுக்கும் பங்குண்டு. அந்த மொழியில் சிந்திக்கும் பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. என் தங்கிலீஷ் பேச்சைக் கேட்டு இயந்திரம் தானாகப் போடும் கேப்ஷனில் ‘ஷாட்’ எல்லாம் ‘ஷார்ட்’ ஆகிறது. கேட்கும் மாணவர் அதைக் காதால் சரிசெய்துகொள்வார். மற்றவருக்கு அந்தப் பிழைதான் பாடம்.

பிறகு ஏன் எல்லோரும் இதோடு நின்றுவிடுகிறார்கள்? ஒரு காரணம் விதிகளிலேயே இருக்கிறது. இணைய அணுகலுக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டுதலில் பதிவுசெய்த வீடியோவுக்குக் கேப்ஷன் ‘ஏ’ நிலை, நேரலைக் கேப்ஷன் ‘ஏஏ’ நிலை. சைகை மொழி ‘ஏஏஏ’ என்ற உச்ச நிலையில் இருக்கிறது. பெரும்பாலோர் இரண்டாம் படியிலேயே திருப்தி அடைந்துவிடுகிறார்கள்.

மூலையில் மொழிபெயர்ப்பாளர்

நான் பேசுவதைத் திரையின் மூலையில் ஒருவர் சைகை மொழியில் சொல்லிக்கொண்டே வருவார். சட்டமோ வரலாறோ நடத்தினால் நான் தயங்காமல் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். சினிமா வகுப்பில்தான் இது இடறுகிறது. நான் “இப்போ பாருங்க, இங்கதான் கட்!” என்கிறேன். மொழிபெயர்ப்பாளர் அதைக் கேட்டு, புரிந்துகொண்டு கையைத் தூக்க ஓரிரு நொடி ஆகும். அது அவர் தவறல்ல, அந்த வேலையின் இயல்பு. ஆனால் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் வெட்டு விழுவது இரண்டு ஃபிரேமுக்கு நடுவே. மாணவர் கையைப் பார்த்தால் வெட்டைத் தவறவிடுகிறார், வெட்டைப் பார்த்தால் விளக்கத்தைத் தவறவிடுகிறார். கேட்கும் மாணவருக்குப் படம் கண்ணுக்கு, விளக்கம் காதுக்கு. இவருக்கு இரண்டும் கண் வழியாகத்தான்.

போதாததற்கு, பலர் செல்போனில்தான் வகுப்புக்கு வருகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் தெரியும் கட்டம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். நெட் தடுமாறினால், சொற்களை எழுத்தெழுத்தாக விரலால் காட்டும் விரலெழுத்து முழுக்கக் குழம்பிவிடும். இன்னொன்று: 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறாவிட்டால் மொழிபெயர்ப்பின் தரம் குறையும். எனவே ஒரு வகுப்புக்கு இருவர் வேண்டும். செலவைக் கணக்கிடும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பேசாப் பட காலத்தில் காட்சிகளுக்கு நடுவே வசனத்தை எழுதிக் காட்டும் எழுத்தட்டைகள் இருந்தன. எல்லோரும் ஒன்றாகப் படித்தார்கள். 1931-ல் தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது; பேச்சு வந்ததும் அட்டைகள் மறைந்தன. பேசாப் படங்களில் நடித்த, காது கேளாத கியூப அமெரிக்க நடிகர் எமர்சன் ரோமெரோ 1947-ல் பேசும் படங்களின் நடுவே மீண்டும் எழுத்தட்டைகளை ஒட்டிச் சேர்த்தார். முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று: கண்ணுக்கு அந்த வரிசைதான் தேவை.

சைகை மொழியிலேயே வகுப்பு

காது கேளாத ஆசிரியர் ஒருவரே நடத்துகிறார். நான் பாடத்தை அவரோடு சேர்ந்து தயாரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். கிளிப் ஓடும், நிற்கும், அவர் விளக்குவார், மறுபடி ஓடும். ஒரு கை கேமரா, இன்னொரு கை நடிகர் என்று வைத்து டாப் ஆங்கிளையும் டிராலியையும் அவர் காற்றிலேயே காட்டிவிடுகிறார். நான் பலகையில் படம் வரைந்து பத்து நிமிடம் திணறும் விஷயம் அது. காட்சி அமைப்பைச் சொல்ல இந்த மொழிக்கு இயல்பாகவே இருக்கும் வசதி மற்ற இரண்டு வழிகளிலும் வீணாகிறது.

ஜே-கட்டை டைம்லைனில் ஒலியின் அலைவடிவத்தைக் காட்டிப் புரியவைத்தார். உடனே ஒரு மாணவி கேட்டார்: “சத்தத்துக்குப் பதில் வெளிச்சம் முதலில் வரக்கூடாதா?” அடுத்த வாரம் அவர் எடுத்து அனுப்பிய காட்சியில் ரயில் ஜன்னல்களின் வெளிச்சம் டீக்கடைச் சுவரில் வரிசையாக ஓடுகிறது, பிறகு பிளாட்பாரம். முதல் இரண்டு வழிகளில் நடத்தியபோது இப்படி ஒரு கேள்வி ஒருமுறைகூட வந்ததில்லை.

குறைகளும் உண்டு. என் 40 நிமிடப் பாடம் இங்கே ஒன்றரை மணி நேரம் ஆகிறது. சினிமா தெரிந்த காது கேளாத ஆசிரியர்கள் எளிதில் கிடைப்பதில்லை. அடையாறு, சாந்தோம், ராமாபுரம் என்று பள்ளிக்குப் பள்ளி சைகைகளும் கொஞ்சம் மாறுகின்றன. தில்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதி 2021-ல் 10,000 சொற்களை எட்டியது. அது நல்ல தொடக்கம். ஆனால் க்ளோசப்புக்கும், ஒரு காட்சி மெல்லக் கரைந்து அடுத்ததாக மாறும் டிசால்வுக்கும் வகுப்பில் எந்தச் சைகை என்பதை முதல் நாளே மாணவர்களோடு பேசி முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

நேரலையா, பதிவா என்றால், கிளிப் அலசலைப் பதிவாகக் கொடுங்கள். நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். விவாதம் மட்டும் நேரலையில், ஆறேழு பேரோடு.

பணமும் ஆளும் இருந்தால் மூன்றாவது வழி, கூடவே படித்துப் பார்க்கத் திருத்திய கேப்ஷன். இரண்டாவதுதான் முடியும் என்றால் அதையும் கொஞ்சம் மாற்றி நடத்தலாம். மொழிபெயர்ப்பாளரின் கட்டத்தைப் பாதித் திரைக்குப் பெரிதாக்குங்கள். கிளிப்பும் கலைச்சொற்களும் முந்தைய நாளே அவர் கையில் இருக்கட்டும். கிளிப் ஓடும்போது ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. பேச்சாலேயே பாடம் நடத்திப் பழகிய எனக்கு, இந்தக் கடைசி விதி கைவர மூன்று வகுப்புகள் ஆயின.