2 புத்தகம்னு சொன்னான், 2 புத்தகம் வந்துச்சு: 140 டாலர் போச்சு

ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடர்கள், படங்களில் வரும் ஆட்கள் முதலான விவரங்களை அகரவரிசையில் தரும் ஸ்டார் ட்ரெக் என்சைக்ளோபீடியாவின் 2016 பெட்டிப் பதிப்பைப் பழைய புத்தகமாகத் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். போனது 140 டாலர். "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்ற மெயில் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இடம், பயன்படுத்திய பொருட்களை ஆட்களே ஆட்களுக்கு விற்கும் ஒரு செயலி. பெயர் வேண்டாம், இந்த வகைச் செயலி எதிலும் இது நடக்கும்.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: "ஸ்டார் ட்ரெக் என்சைக்ளோபீடியா, விரிவாக்கிய பதிப்பு, 2 புத்தகம், நல்ல நிலை." மேலே படம்: 2016 தொகுதிகள் இரண்டும் அட்டைப் பெட்டிக்குள் செருகி நிற்கின்றன. விலை 140 டாலர். புதிதாக வந்தபோது அதன் அச்சிட்ட விலையே 150 டாலர், அதனால் சந்தேகப்படும்படி மலிவாகவும் இல்லை. ரொம்ப மலிவாக இருந்தால்தானே உஷாராவோம்.

அந்த நாலு வார்த்தையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஆண்டு இல்லை. பதிப்பகம் இல்லை. "விரிவாக்கிய" என்ற சொல் 2016 அட்டையில் மட்டும் இருப்பதில்லை, 1999 அட்டையிலும் உண்டு. ஒரு எழுத்துகூடப் பொய் சொல்லாமல் எழுதப்பட்ட பொய் அது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் செய்தேன். "ஆர்ச்சர் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?" இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. ஜோனதன் ஆர்ச்சர் வரும் எண்டர்ப்ரைஸ் தொடர் 2001இல்தான் தொடங்கியது. 1990களில் அச்சான எந்தப் பதிப்பிலும் அவர் இருக்க வழியே இல்லை. ஆர்ச்சர் இருந்தால் 2016, இல்லாவிட்டால் பழசு. இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது.

பதில் வந்தது: "ஆஃபீஸ்ல இருக்கேன் ப்ரோ, நைட்டு அனுப்புறேன். இன்னொருத்தரும் கேட்டுட்டு இருக்காரு. கவலைப்படாதீங்க, நானும் ட்ரெக்கிதான். எஸ்ரியைப் பின்னிணைப்புல போய்த் தேடுற கொடுமை எல்லாம் இதுல இல்ல."

(ட்ரெக்கி என்றால் ஸ்டார் ட்ரெக் ரசிகர்.) அந்தக் கடைசி வரியில்தான் விழுந்தேன். அதைப் புரிந்துகொள்ள 1999 பதிப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அது புதிதாகக் கோத்து அடித்த புத்தகம் இல்லை. 1997 பதிப்பின் பக்கங்களை அப்படியே வைத்துவிட்டு, கடைசியில் தனி அகரவரிசையோடு ஒரு பின்னிணைப்பை ஒட்டியிருப்பார்கள். ஆகவே எதைத் தேடினாலும் இரண்டு இடத்தில் தேட வேண்டும். முன்பகுதியில் ஜாட்ஸியா டாக்ஸ் இன்னும் உயிரோடு இருப்பார், ஏனென்றால் டீப் ஸ்பேஸ் நைன் என்ற ஸ்டார் ட்ரெக் தொடரில் அவர் சாவது 1998இல். சாவு பின்னிணைப்பில். அவருக்கு அடுத்து வரும் எஸ்ரி டாக்ஸும் பின்னிணைப்பில். முன்பகுதியை மட்டும் பார்த்து மூடினால் தப்பான தகவலோடுதான் எழுந்து போவோம். ரசிகர்கள் அந்தப் பதிப்பை 'ரெட்டை அகராதி' என்று திட்டாத குறை.

இந்த எரிச்சல் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துப் புரட்டியவர்களுக்குத்தான் தெரியும். அதனால் ஆள் நம்மாள் என்று நினைத்து 140 டாலரைக் கட்டிவிட்டேன். இப்போது யோசித்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை: அவர் கையில் இருந்ததே அந்த 1999 புத்தகம்தான். எனக்கு அனுப்பப்போகும் புத்தகத்தின் குறையைச் சொல்லியே அதை என் தலையில் கட்டியிருக்கிறார். (இனி 'அவர்' வேண்டாம், 'அவன்' போதும்.)

பார்சல் கனமாகத்தான் இருந்தது. செயலி உடனே "பெற்றுக்கொண்டீர்களா?" என்று ஒரு பொத்தானை நீட்டியது. அழுத்தினேன். அதை அழுத்திய நொடியில், செயலி பிடித்துவைத்திருந்த பணம் விற்பவனுக்குப் போய்விடும். அதன் பிறகுதான் டேப்பை அறுத்தேன்.

உள்ளே 2 புத்தகம். ஒன்று 1994 பதிப்பு, உறை கிழிந்தது. இன்னொன்று 1999 பதிப்பு, மெல்லிய அட்டை, முதுகில் வெள்ளைக் கோடு கோடாக மடிப்பு. பெட்டி இல்லை. ஒரே புத்தகத்தின் இரண்டு பழைய பதிப்புகளைச் சேர்த்துக் கட்டி "2 புத்தகம்" ஆக்கியிருக்கிறான்.

இந்த இரண்டும் சேர்ந்தாலும் 2016 ஆகாது. 1994 பதிப்பில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள், வாயேஜர் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியதே 1995இல்தான். 1997இல் வண்ணத்துக்கு மாறினார்கள். என் கணக்கில் பழைய மூன்றில் உருப்படியானது அதுதான், ஒரே அகரவரிசை, பார்க்கவும் அழகு. 1999க்குப் பிறகு 17 ஆண்டுகள் புதிய பதிப்பே இல்லை. வாயேஜரின் கடைசி இரண்டு சீசன், எண்டர்ப்ரைஸின் நான்கு சீசன், 2002இல் வந்த நெமிசிஸ் படம், 2009 ஸ்டார் ட்ரெக் படம் எல்லாம் அந்த இடைவெளியில் விழுந்தவை. 2016 பதிப்பு இவற்றையெல்லாம் ஒரே அகரவரிசைக்குள் கோத்து, 1000 பக்கத்துக்கு மேல் இரண்டு தொகுதியாக வந்தது. அதற்குத்தான் 140 டாலர். எஸ்ரி அங்கே டாக்ஸ் வரிசையிலேயே இருப்பார், நெமிசிஸின் வில்லன் ஷின்ஸானும் எண்டர்ப்ரைஸின் டி'பாலும் அவரவர் இடத்தில் இருப்பார்கள். இதெல்லாம் இல்லாத இரண்டு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"மெமரி ஆல்ஃபாவில் எல்லாம் சும்மாவே கிடைக்குமே" என்று யாராவது சொல்வீர்கள். கிடைக்கும், 2003 முதல் ரசிகர்கள் கட்டிய தளம், 2017க்குப் பிறகு வந்த டிஸ்கவரி முதலான தொடர்களுக்கு அதை விட்டால் வழியும் இல்லை. ஆனால் இந்தப் புத்தகத்தை எழுதிய ஓகுடா தம்பதி அந்தத் தொடர்களிலேயே வேலை செய்தவர்கள். கப்பலின் கட்டுப்பாட்டுப் பலகைகளை வரைந்தவரே மைக்கேல் ஓகுடா, அதனால்தான் ரசிகர்கள் அவற்றை 'ஓகுடாகிராம்' என்கிறார்கள். பலகையை வரைந்த கையே எழுதிய குறிப்பை வாசிப்பதில் ஒரு ருசி இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அவனிடம் கேட்டேன். முதல் பதில்: "2 புத்தகம்னு போட்டேன், 2 வந்துச்சா இல்லையா?" வந்தது. "விரிவாக்கிய பதிப்புன்னு போட்டேன், அட்டையில அப்படி இருக்கா இல்லையா?" ஒன்றில் இருக்கிறது. "அப்புறம் என்ன ப்ரோ?" படத்தில் இருந்த பெட்டி எங்கே என்றதற்கு, "படம் மாதிரிக்குத்தான்." அதோடு என்னை பிளாக் செய்துவிட்டான்.

செயலியின் உதவிப் பகுதி அதைவிட மேல். முதலில் ஒரு பாட், மூன்று பொத்தான்: வரவில்லை, உடைந்தது, வேறு பொருள். மூன்றாவதை அழுத்தி 9 படம் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து: "விளம்பரத்தில் உள்ள பெயரும் வந்த பொருளின் பெயரும் பொருந்துகின்றன." ஆமாம், நான்கு பதிப்புக்கும் பெயர் ஒன்றுதான்! உரிமைப் பக்கத்தை (பதிப்பகம், ஆண்டு எல்லாம் அச்சிட்டிருக்கும் பக்கம்) படம் எடுத்து அனுப்பினேன். 1990களில் வந்த மூன்றுக்கும் பதிப்பகம் பாக்கெட் புக்ஸ், 2016க்கு மட்டும் ஹார்ப்பர் டிசைன், இந்த ஒரு வித்தியாசமே போதும் என்று எழுதினேன்.

அடுத்த ஆள் ஒரு படி மேலே போனார். விற்பவர் சமர்ப்பித்த ஆதாரத்தின்படி பார்கோடு 978 என்று தொடங்குகிறதாம், ஆகவே இது புதிய பதிப்புதானாம். இதில் நிறைய பேர் ஏமாறுவார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக எண்ணை 13 இலக்கமாக மாற்றியது 2007 ஜனவரியில். ஆனால் பார்கோடில் 978 அதற்கு முன்பே உண்டு, 1990களின் புத்தகங்களிலும் கோடுகளுக்கு அடியில் அது இருக்கும். பார்க்க வேண்டியது கோடுகளுக்கு அடியில் இல்லை. உரிமைப் பக்கத்தில் "ஐ.எஸ்.பி.என்." என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அச்சிட்ட எண். அது 10 இலக்கம் மட்டும் என்றால், குறிப்பாக 0-671 என்று தொடங்கினால், 1990களின் பாக்கெட் புக்ஸ். 13 இலக்கம் என்றால்தான் 2016. வந்த இரண்டிலும் 10தான். வட்டம் போட்டு அனுப்பினேன்.

பதில்: "பதிப்பு வேறுபாடு பொருள் வேறுபாடாகக் கருதப்படாது." திருப்பி அனுப்பலாமா என்றால், மனம் மாறித் திருப்புவதாகத்தான் எடுத்துக்கொள்வார்களாம், அனுப்பும் செலவு என்னுடையதாம். நீங்கள்தான் "பெற்றுக்கொண்டேன்" என்று உறுதி செய்துவிட்டீர்களே என்று ஒரு குத்து வேறு. கடைசியில் சமாதானத்துக்கு 10 டாலர் கூப்பன், அதுவும் அதே செயலியில்தான் செலவழிக்க வேண்டும். 140 டாலர் போனவனுக்கு 10 டாலர். வேண்டாம் என்றேன், புகாரை மூடிவிட்டார்கள்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஒவ்வொன்றாக விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை:

ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பக்கம் படம் கேளுங்கள். முதல் தொகுதிக்கு ஆர்ச்சர், இரண்டாவதுக்கு டி'பால். பக்கத்தின் மேல் அன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டு இருக்க வேண்டும். "நைட்டு அனுப்புறேன்" என்றால் நைட்டே பணம் கட்டுங்கள்.

உரிமைப் பக்கம் படம் இல்லாமல் வாங்காதீர்கள். விளம்பரத்தை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள்.

பிரித்துப் பார்க்காமல் அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

கார்டு கொடுத்த வங்கியிடம் இன்று எழுதியிருக்கிறேன், அவர்கள் என்ன சொல்கிறார்களோ பார்க்கலாம். இதை எழுதி முடித்துவிட்டு அந்தச் செயலியில் தேடினேன். வேறு பெயரில் ஒரு விளம்பரம் இருக்கிறது. அதே பெட்டிப் படம், அதே "விரிவாக்கிய பதிப்பு, 2 புத்தகம், நல்ல நிலை." இந்தத் தடவை 155 டாலர்.