வீட்டில் செய்த பிஸி போர்டு: இரண்டு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய பிறகு

குழந்தைக்கு ஒரு 'பிஸி போர்டு' வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகச் செய்யலாம், ஆனால் எதையும் நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். தாழ்ப்பாள், ஜிப், சக்கரம், ஸ்விட்ச், விதவிதமான துணிகள் என்று கைக்கு வேலை கொடுக்கும் சாமான்களை ஒரு பலகையில் பொருத்தி, தவழும் வயதிலிருந்து குழந்தையை அதில் விளையாட விடுவதுதான் விஷயம். என் மகளுக்குப் பத்து மாதம் ஆனபோது செய்தேன். இப்போது அவளுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. பலகை அதேதான், முதலில் அதில் மாட்டியவற்றில் பாதிகூட இன்று அதன்மேல் இல்லை. கழற்றி மாற்ற முடிந்ததால்தான் இவ்வளவு காலம் ஓடியது.

பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட், 60க்கு 45 செ.மீ. அளவில் எடுத்துக்கொண்டேன். மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வழவழப்பாக இருக்கும், அறுக்கவும் சுலபம். ஆனால் ஈரம் பட்டால் ஊதிவிடும், பல் முளைக்கும் குழந்தையோ பலகையின் ஓரத்தைச் சப்பாமல் விடாது. ஒரே துளையில் ஸ்க்ரூவைக் கழற்றிக் கழற்றி மாட்டினாலும் எம்டிஎஃப் பிடிப்பு விட்டுப்போகும். பிளைவுட்டின் ஓரங்களை 80ஆம் எண் உப்புத்தாளில் ஆரம்பித்து 120, 220 என்று தேய்த்து, மூலைகளை நன்றாக உருட்டிவிட்டேன். மொத்த வேலையில் அதிக நேரம் பிடித்தது இதுதான். இங்கே அவசரப்பட்டால் சிராய் ஏறும்.

மேலே தண்ணீர் சார்ந்த வார்னிஷ் பூசினேன். தொட்டால் ஒட்டாத நிலை வேறு, முழுதாக இறுகிய நிலை வேறு. டப்பாவில் போட்டிருக்கும் முழுதாகக் காயும் காலம் முடிந்து, வாசனை அறவே போன பிறகுதான் குழந்தையிடம் கொடுக்க வேண்டும். பூசாமல் வெறும் மரமாகவே விட்டாலும் தவறில்லை, அழுக்கு ஏறும், அவ்வளவுதான். பழைய பெயின்ட் அடித்த கொக்கி, கீல்களை மட்டும் சேர்க்கவே வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. பித்தளைச் சாவிகளிலும் சிறிதளவு ஈயம் கலந்திருக்கும், அதனால் பூட்டு சாவி வைக்கும் ஆசையை அவள் எதையும் வாயில் வைக்காத வயதுவரை தள்ளிப்போட்டேன்.

அடுத்தது எப்படிப் பொருத்துவது. சூட்டுப் பசை எனப்படும் க்ளூ கன் பற்றி எல்லாரும் சிலாகிப்பார்கள். துணிக்கும் அட்டைக்கும் அது சரி. உலோகத்திலும் வழவழப்பான பிளாஸ்டிக்கிலும் அது நிற்காது. குழந்தையின் இழுப்பு நாம் நினைப்பதைவிட முரட்டுத்தனமானது, அதுவும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுவது. வாரக்கணக்கில் ஆட்டி ஆட்டிக் கடைசியில் பெயர்த்துவிடும். பெயர்ந்த துண்டு நேராக எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. எடை உள்ளவை, இழுபடுபவை எல்லாவற்றுக்கும் பலகையைத் துளைத்துப் போல்ட் போட்டு, பின்பக்கம் வாஷரும் உள்ளே நைலான் வளையம் உள்ள பூட்டு நட்டும் கொடுத்தேன். சாதாரண நட் அதிர்வில் தளரும், இந்த வகை தளராது. சின்னச் சாமான்களுக்கு 10 மி.மீ. நீள ஸ்க்ரூ போதும். அதற்கு மேல் போனால் முனை பின்னால் எட்டிப் பார்க்கும்.

பாதுகாப்பு அளவுகள் சில மனப்பாடமாகவே இருக்க வேண்டியவை. 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க அமெரிக்காவில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு எதுவானாலும் தொண்டையில் அடைக்கக்கூடியது என்று கணக்கு. வீட்டில் கழிவறைத் தாள் சுருளின் அட்டைக் குழாயை வைத்துப் பார்க்கலாம். அது இன்னும் அகலமானது என்பதால் சோதனை இன்னும் கண்டிப்பாக இருக்கும். பலகையில் உள்ளது கழன்று வந்தால் எந்த அளவில் வரும் என்று பார்க்க வேண்டும், பொருத்திய நிலையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

இடைவெளிகளுக்கும் கணக்கு உண்டு. ஏறக்குறைய 5 மி.மீ. முதல் 12 மி.மீ. வரையுள்ள சந்துகள் சின்ன விரல் நுழைந்து மாட்டிக்கொள்ளும் அளவு. ஒன்று விரல் நுழையவே முடியாதபடி இருக்க வேண்டும், அல்லது தாராளமாகப் போய்வர வேண்டும். கீல் வைத்த குட்டிக் கதவுகளில் இதைத்தான் முதலில் பார்ப்பேன். கயிறு, சங்கிலி எதுவும் 20 செ.மீ.க்கு மேல் வேண்டாம், வளையமாகத் தொங்கவும் கூடாது.

காந்தமும் பொத்தான் பேட்டரியும் என் பலகையில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. விழுங்கிய இரண்டு காந்தங்கள் குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்துக் குடலையே ஓட்டையாக்கும். பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் கடுமையான புண் உண்டாக்கக்கூடியது. விளக்கு எரியும் சாமான்கள், பழைய ரிமோட், பாட்டுப் பாடும் அட்டை எல்லாம் அழகுதான், எனக்கு வேண்டாம். கதவு இடிக்காமல் இருக்க வைக்கும் ஸ்பிரிங் ஸ்டாப்பர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'டொய்ங்' என்று அது அடிக்கும் சத்தத்துக்குக் குழந்தைகள் கிறங்கிப்போவார்கள். ஆனால் அதன் நுனியில் உள்ள ரப்பர் தொப்பி உருவினால் கையோடு வந்துவிடும், அளவும் மூச்சுக்குழலை அடைக்கப் பொருத்தமான அளவு. பலகையிலோ வீட்டுக் கதவிலோ அது இருந்தால் தொப்பி இல்லாத, ஒரே துண்டாக வரும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

சரி, எது ஓடியது, எது ஓடவில்லை?

தொட்டு உணர்ந்து விளையாடும் பலகை என்றதும் எல்லாரும் முதலில் ஒட்டுவது துணி வகைகளை: பஞ்சு போன்றது, சொரசொரப்பானது, வழுக்குவது. அவள் ஒரு வயதை நெருங்கும்வரை உள்ளங்கையால் தடவி, கன்னத்தை வைத்துப் பார்த்து, நக்கியும் பார்த்தாள். நடக்க ஆரம்பித்ததும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தடவிப் பார்த்து முடித்த துணியில் அவளுக்கு அடுத்து செய்ய எதுவும் இல்லை, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எச்சில் ஊறிய துணி நாறவும் நாறும். நான் துணிகளை வெல்க்ரோவில் மாட்டியிருந்ததால் பிய்த்தெடுத்துத் துவைக்க முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், துணியை விட அந்த வெல்க்ரோவைப் பிய்க்கும் 'சர்ர்ர்' சத்தம்தான் பிறகு பல மாதங்களுக்கு அவளுடைய விருப்பமான விளையாட்டு. வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தில் முடியும் நூலும் சேரும். பழைய பல்துலக்கியால் தேய்த்தால் மறுபடி பிடிக்கும்.

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஆடி வைத்தேன். உடையாது, ஆனால் கீறல் விழுந்து ஒரு வருடத்தில் மங்கிவிட்டது. போகட்டும், மலிவான சமாசாரம்.

காஸ்டர் சக்கரம், அதாவது நாற்காலிக் காலில் சுழலும் சக்கரம், மிக நீண்ட காலம் நின்றது. முதலில் அறைந்தாள், பிறகு ஒரு விரலால் சுற்றினாள், அப்புறம் வேகமாகச் சுற்றிவிட்டு நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரே சாமான், வயதுக்கு ஏற்ப மூன்று விளையாட்டு. சக்கரத்துக்கும் அதைப் பிடித்திருக்கும் தகட்டுக்கும் நடுவில் முடி சிக்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். எந்த மின்கம்பியும் இணைக்காத சுவர் ஸ்விட்சும் இதே ரகம். 'டிக்' என்று ஒரு தீர்மானமான சத்தம், மேலே கீழே என்று இரண்டே நிலை. அதில் விளக்கு எரியவில்லையே என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

என் பலகையின் நாயகன் குட்டிக் கதவுகள்தாம். ஒன்றுக்குக் கொக்கி, ஒன்றுக்குத் தாழ்ப்பாள், ஒன்றுக்கு நாதாங்கி. திறந்தால் உள்ளே ஒரு படம். வெறும் தாழ்ப்பாளை மட்டும் மாட்டியிருந்தபோது இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். திறந்தால் ஏதோ தெரிகிறது என்றதும் அதே தாழ்ப்பாளோடு விடாமல் மல்லுக்கு நின்றாள். உள்ளே உள்ள படத்தை அவ்வப்போது மாற்றினால் போதும், புதுப் பலகை மாதிரி ஆகிவிடும். ஒரே ஒரு யோசனைதான் கொடுக்க முடியும் என்றால் இதைத்தான் கொடுப்பேன்.

எந்த வயதில் எது என்பதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பொருளைக் கிள்ளி எடுக்கும் திறன் 9, 10 மாத அளவில் தொடங்கி ஒரு வயதில் தேறும். திருகுவது இரண்டு, இரண்டரை வயதுச் சமாசாரம். ஜிப்பை இழுத்துத் திறப்பது சீக்கிரம் வரும். அடி முனையைக் கோத்து மூடுவது ரொம்பப் பின்னால் வரும். அதனால் இரண்டு முனையும் தைத்து மூடிய ஜிப்பே போதும். பை வாரில் வரும் பக்கிளைச் செருகி மூட முதலில் கற்றுக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் அழுத்திக் கழற்ற விரலில் பலம் வேண்டும். பெரிய பொத்தானைத் துணியிலிருந்து கழற்றுவதே நான்கு வயதை ஒட்டித்தான் என்பதால் அதை நான் மாட்டவே இல்லை.

எண்ணிக்கை விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. படங்களில் பார்க்கும் பலகைகளில் இருபது முப்பது சாமான்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பார்க்கும் பெரியவர்களுக்குத்தான் அது விருந்து. அமெரிக்காவின் டோலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். பொம்மை குறைவாக இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் செலவிட்டார்கள், அதை வெவ்வேறு விதமாகப் பயன்படுத்தியும் பார்த்தார்கள். 1907இல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரியின் முறையிலும் உடை உடுத்தப் பழக்கும் சட்டகங்கள் உண்டு. ஒரு சட்டகத்தில் பொத்தான் மட்டும், இன்னொன்றில் நாடா மட்டும் என்று ஒன்றுக்கு ஒரே வேலை. என் பலகையில் ஒரு சமயத்தில் ஆறு, ஏழுக்கு மேல் இருக்காது. மீதி ஒரு டப்பாவில் காத்திருக்கும். சில வாரம் கழித்துத் திரும்ப வந்தால் அவளுக்கு அது புதுசு.

பலகையை எங்கே வைப்பது? சுவரில் சும்மா சாய்த்து வைக்காதீர்கள். வெறும் பிளைவுட்டே ஏறக்குறைய 2 கிலோ வரும், இரும்புச் சாமான்களோடு சேர்த்தால் இன்னும் கூடும். எழுந்து நிற்கப் பழகும் குழந்தை அதைப் பிடித்துத்தான் எழும். நான்கு இடத்தில் சுவரோடு ஸ்க்ரூ போட்டேன். உட்கார்ந்து விளையாடும் காலத்தில் அடிப்பக்கம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது, நின்று விளையாட ஆரம்பித்ததும் நெஞ்சு மட்டத்துக்கு ஏற்றினேன். செங்குத்தான பரப்பில் வேலை செய்யும்போது தோளும் மணிக்கட்டும் நன்றாக வேலை செய்கின்றன என்று கைத்திறன் பயிற்சி தருபவர்கள் சொல்வார்கள். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் நானே இழுத்து, ஆட்டிப் பார்த்துவிடுவேன்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு பக்கவிளைவு இருக்கிறது. பலகையில் கற்றதைக் குழந்தை பலகையோடு நிறுத்திக்கொள்ளாது. தாழ்ப்பாள் கைவந்ததும் அவள் அறைக் கதவின் கீழ்த் தாழ்ப்பாளைக் கண்டுபிடித்தாள். உள்ளே நின்று போட்டுக்கொண்டும்விட்டாள். திறக்கவும் தெரிந்திருந்தது நல்லதாகப் போயிற்று. அன்றே எல்லாக் கதவுகளிலும் கீழ்த் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு மேலே மட்டும் வைத்தோம். உயர நாற்காலியின் பக்கிளும் அப்படித்தான் திறந்துகொண்டது. மின்சார பிளக்கும் சாக்கெட்டும் வைத்த பலகைகளைப் பார்க்கும்போது எனக்குப் பகீரென்கிறது. நிஜச் சாக்கெட்டில் செய்யக் கூடாத ஒன்றைப் பலகையில் பழக்கிக் கொடுப்பானேன்? எதை மாட்டும் முன்பும், இது வீட்டில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது, அங்கே இவள் இதைத் திறந்தால் பரவாயில்லையா என்று யோசிக்கிறேன்.

இதை மாட்டிவிட்டால் நமக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு வயதில் ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. இரண்டு வயதில் சில நாள் கால் மணி நேரம்கூட நின்றாள், சில நாள் பக்கமே வரவில்லை. யாராவது அருகில் உட்கார்ந்து தானும் ஒரு கதவைத் திறந்து பார்த்தால் நேரம் கூடும்.

இப்போது மூன்று வயதில் சாமான்களை விட அவற்றைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் மேல்தான் அவளுக்குக் கண். பலகையை இறக்கித் தரையில் வைத்து, குட்டையான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைக் கொடுத்து, பெரிய தலையுள்ள போல்ட்களை அவளையே கழற்றவும் மாட்டவும் விடுகிறேன், நான் பக்கத்திலேயே இருக்கும்போது மட்டும். கழற்றியதைப் போட்டு வைக்க ஒரு கிண்ணம். திரும்ப மாட்டும்போது எந்தச் சாமான் எங்கே என்று முடிவு செய்வதும் அவள்தான், அதனால் பலகையின் தோற்றம் இப்போது கொஞ்சம் கோணல்மாணல். சுவரில் பிடித்திருக்கும் நான்கை மட்டும் ஆலன் சாவி, அதாவது அறுகோண முனையுள்ள சாவி, போட்டால்தான் திரும்பும் வகைக்கு மாற்றி, அந்தச் சாவியை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.