பள்ளிகளுக்கு வரும் ‘3டி’ படக்காரர்: நெல்லைப் பக்கத்துப் பள்ளிகள் கவனத்துக்கு

ஸ்பை கிட்ஸ் என்ற ஆங்கிலச் சிறுவர் படத்தின் இரண்டாம் பாகம் 3டி படமே இல்லை. 2002-இல் சாதாரணப் படமாகத்தான் வந்தது. அதை ‘முழுநீள 3டி, தமிழ் வசனத்துடன்’ என்று நோட்டீஸ் அடித்துக்கொண்டு ஒரு படக்காட்சிக்காரர் பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, களக்காடு, வள்ளியூர் பக்கம் பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறார். ஏமாந்த பள்ளிகளில் ஒன்றில் நடந்ததையும், அங்கே ஓடிய டிஸ்க்கையும் கண்ணாடியையும் புரொஜெக்டரையும் வைத்துச் சோதித்ததில் தெரிந்ததையும் இங்கே எழுதுகிறோம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவர் உங்கள் ஊருக்கும் வரலாம்.

பேச்சு இப்படித்தான் தொடங்கும்: “சார், கண்ணாடிய மாட்டுனா எலும்புக்கூடு மூஞ்சிக்கு நேரா வாள நீட்டும். பிள்ளைய எல்லாம் எந்திச்சு நின்னு கைய நீட்டும் பாருங்க.” ஒரு பிள்ளைக்கு 80 ரூபாய். ‘4டி வாசனை அட்டை’ வேண்டுமென்றால் இன்னும் 20. அந்தப் பள்ளியில் 240 பிள்ளைகள், எல்லோருக்கும் அட்டையும் சேர்த்து மொத்தம் 24,000 ரூபாய். பாதியை முன்பணமாகத் தனிநபர் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். ரசீது இல்லை. சனிக்கிழமை காலை பத்தரைக்குப் படம் ஓடியது. பிள்ளைகள் பார்த்தது ஓரமெல்லாம் சிவப்பும் நீலமும் பிசிறிய மங்கலான படம், அதுவும் உதட்டோடு ஒட்டாத குரலில். இடைவேளைக்குள் பாதிப் பிள்ளைகள் கண்ணாடியைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டன. தலைவலி என்று சில பிள்ளைகள் வகுப்பறைக்கே போய்விட்டன.

எந்தப் பாகம் எது என்று தெரிந்திருந்தால் நோட்டீஸைப் பார்த்த மாத்திரத்திலேயே ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ராபர்ட் ரோட்ரிகஸ் எடுத்த முதல் பாகம் 2001, இரண்டாம் பாகம் 2002, இரண்டும் சாதாரணப் படங்கள். 2003-இல் வந்த மூன்றாம் பாகம்தான் சிவப்பு–நீலக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் 3டி. அதிலும் கதையில் வரும் அக்கா, தம்பியில் தம்பி ஜூனி வீடியோ கேமுக்குள் இருக்கும் காட்சிகளுக்குத்தான் 3டி. எப்போது கண்ணாடி போட வேண்டும், எப்போது கழற்ற வேண்டும் என்று படமே சொல்லும். 2011-இல் வந்த நான்காம் பாகமும் 3டிதான். சுரண்டி முகரும் வாசனை அட்டை கொடுத்தது அந்தப் பாகத்துக்கு மட்டுமே: அட்டையில் 1 முதல் 8 வரை எண்கள், திரையில் எந்த எண் வருகிறதோ அந்த இடத்தைச் சுரண்ட வேண்டும். இரண்டாம் பாகத்தில் அப்படி எண்ணே வராது. ஆகவே அந்த 20 ரூபாய் அட்டைக்கும் ஓடிய படத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சாம்பிராணி வாசம் தடவிய வெறும் அட்டை அது.

இரண்டாம் பாகத்தை அடையாளம் காண்பது எளிது. கேளிக்கைப் பூங்காவில் தொடங்கும். அக்கா கார்மெனும் தம்பி ஜூனியும் ஒரு தீவுக்குப் போவார்கள். அங்கே ரொமேரோ என்ற விஞ்ஞானி உருவாக்கிய விநோத மிருகங்கள் திரியும். எலும்புக்கூடுகளோடு வாள்சண்டை வரும். நல்ல படம் அது. பழைய பொம்மை அசைவுப் படங்களின் மேதை ரே ஹாரிஹவுசனுக்கு வணக்கம் சொல்லும் சண்டை அது. பிள்ளைகள் சாதாரண 2டியிலேயே வாய்பிளந்து பார்த்திருப்பார்கள். அதைச் சாயம் பூசிக் கெடுத்துக் காட்டியதுதான் எங்களுக்குப் பெரிய ஆத்திரம்.

ஆசிரியர்கள் நம்பியதற்குக் காரணம் மாதிரிக் காட்சி. தலைமையாசிரியர் அறையில் மடிக்கணினியில் ஐந்து நிமிடம் காட்டுகிறார், அதில் 3டி நன்றாகவே தெரிகிறது. காட்டுவது மூன்றாம் பாகத்தில் வரும் பந்தயக் காட்சி. காட்சி நாளில் ஓடுவது இரண்டாம் பாகம். மூன்றாம் பாகத்தையே போட்டிருக்கலாமே என்று தோன்றும். அதில் பெரும்பகுதி கேமுக்குள்ளேயே நடக்கும், ஓட்டமும் 84 நிமிடம்தான். இரண்டாம் பாகம் 100 நிமிடம், தீவு, மிருகம் எல்லாம் உண்டு. நோட்டீஸில் எடுப்பாக நிற்பது அந்த மிருகப் படங்கள்தான். மாதிரி பார்க்கும்போது காட்சி நாளில் போடப்போகும் அதே டிஸ்க்கை வாங்கி, நடுவில் நீங்களே மூன்று இடங்களில் நகர்த்திப் பாருங்கள்.

இனி பொய் 3டியைப் பிடிக்கும் வழி. கட்டைவிரலைக் கையெட்டும் தூரத்தில் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறுகண்ணை. விரல் பின்னால் உள்ள மரத்தை விட்டு நகர்ந்து தாவும். அருகில் இருப்பது அதிகம் நகரும், தூரத்தில் இருப்பது குறைவாக நகரும். உண்மையான 3டி படத்தில் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் தனித்தனிப் பதிவு இருப்பதால் இதே வேறுபாடு திரையிலும் இருக்கும். சிவப்பு–நீல முறையில் ஒரு கண்ணின் படம் சிவப்பிலும் மறுகண்ணின் படம் பச்சைநீலத்திலும் வரும், கண்ணாடி அதைப் பிரித்துத் தரும். இரண்டாம் பாகத்துக்கு அப்படி இரண்டு பதிவுகள் கிடையாது. அந்த டிஸ்க்கில் செய்திருப்பது, படத்தின் சிவப்பு நிறத்தை மட்டும் பிரித்துப் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி வைத்தது. எடிட்டிங் மென்பொருளில் ஐந்து நிமிட வேலை.

கண்ணாடியில்லாமல் திரையின் அருகே போய் நில்லுங்கள். உண்மையான படத்தில் முன்னால் நிற்பவரின் ஓரத்தில் சிவப்புப் பிசிறு ஒரு பக்கமும், பின்னால் உள்ள மலையின் ஓரத்தில் எதிர்ப்பக்கமும் இருக்கலாம். நடுவில் சில பொருள்களில் பிசிறே இருக்காது. அகலமும் இடத்துக்கு இடம் மாறும். பொய்ப் படத்தில் ஆள், மரம், வானம், தொடக்கத்தில் வரும் பெயர் எழுத்து எல்லாவற்றிலும் ஒரே அகலப் பிசிறு, ஒரே பக்கம். கண்ணாடி போட்டால் முழுப்படமும் தட்டையாகத் திரைக்குப் பின்னால் தள்ளி நிற்கும், அவ்வளவுதான். இன்னொரு வகைப் போலியும் உண்டு. மென்பொருளே தானாக மாற்றியது. அதில் படத்தின் கீழ்ப்பகுதி எப்போதும் முன்னால் வரும், மேல்பகுதி பின்னால் போகும். தலைக்கு மேலே முன்னால் தொங்கும் கிளைகூட வானத்தோடு ஒட்டிக்கொள்ளும், முகங்கள் நெளியும்.

கண்ணாடியும் மோசம். அட்டைச் சட்டத்தில் பேன்சி கடைக் கலர்க் காகிதம் ஒட்டியது. கைப்பேசித் திரை முழுக்கச் சுத்தமான சிவப்பை வைத்து நீலப் பக்கத்தால் பாருங்கள், ஏறக்குறைய கறுப்பாகத் தெரிய வேண்டும். பச்சைநீலத்தை வைத்துச் சிவப்புப் பக்கத்தால் பார்த்தாலும் அப்படியே. சிவப்பு சிவப்பாகவே தெரிந்தால் ஒரு கண்ணின் படம் மறுகண்ணுக்குக் கசிகிறது. இரட்டை உருவமும் தலைவலியும் அதனால்தான். சிவப்பு இடக்கண்ணுக்கு வர வேண்டும். சில கண்ணாடிகள் மாற்றி ஒட்டப்பட்டிருந்தன, அதில் உண்மையான 3டி படம் ஓடினாலும் முன்பின் தலைகீழாகும். இதே கண்ணாடி முந்தின நாள் வேறொரு பள்ளிப் பிள்ளைகள் முகத்தில் இருந்தது. மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் இதை ஒரு பள்ளியும் அனுமதிக்கக் கூடாது.

டிவிடியில் நிறத் தகவல், வெளிச்சத் தகவலில் நாலில் ஒரு பங்குதான் பதியும். சிவப்பு–நீல முறை நிறத்தை நம்பியே நிற்பதால் நல்ல டிஸ்க்கிலேயே கொஞ்சம் கசியும். அதைத் திரும்பத் திரும்பச் சுருக்கிப் படியெடுத்தால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

வெளிச்சக் கணக்கை எந்தப் பள்ளியும் கேட்பதில்லை. 8 அடிக்கு 6 அடித் திரை 48 சதுர அடி. லூமன் என்பது வெளிச்ச அளவு, அதைத் தர முறைப்படி அளந்து சொல்வது ஆன்சி லூமன். 3000 ஆன்சி லூமன் புரொஜெக்டர் என்றால் சதுர அடிக்கு 62 லூமன் விழும். வண்ணக் கண்ணாடி வழியாக ஐந்தில் ஒரு பங்கு கண்ணுக்கு வந்தாலும் 12 இருக்கும். திரையரங்கில் 2டி படத்துக்கு வைக்கும் 14-க்குப் பக்கம், ஒப்பேறும். அவர் கொண்டுவந்தது பெட்டியில் ‘9000 லூமன்’ என்று அச்சடித்த சின்னக் கருவி. அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. இந்த வகைக் கருவி 200 ஆன்சி லூமன் தந்தால் சதுர அடிக்கு 4, கண்ணாடிக்குப் பின் 1 கூடத் தேறாது. ஓட்டுக் கூரையில் பதித்த கண்ணாடி ஓடு வழியாக நெல்லை வெயில் இறங்கும் கூடத்தில், காலை பத்தரைக்கு, அதில் என்ன தெரியும்? ஆன்சி அளவை மட்டும் கேளுங்கள், கருவியின் மாடல் எண்ணை வாங்கித் தயாரிப்பாளர் பக்கத்தில் சரிபாருங்கள். வள்ளியூர், பணகுடிப் பக்கம் காற்றுக் காலத்தில் வேட்டித் திரை கட்டினால் உப்பி ஆடும், கூர்மை நிற்காது. சட்டம் கட்டிய திரையோ சுண்ணாம்படித்த சுவரோ மேல்.

குரல் ஒட்டாததற்கும் காரணம் இருக்கிறது. படம் நொடிக்கு 24 சட்டத்தில் (ஃப்ரேம்) ஓடுகிறது. ஒட்டிய தமிழ்க் குரல் நொடிக்கு 25 சட்ட வேகத்தில் பதிவானது. அந்த வேகத்தில் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். அதனால் நிமிடத்துக்கு 2.4 விநாடி குரல் முந்திக்கொண்டே போகும். தொடக்கக் காட்சியில் சரியாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், நாற்பதாவது நிமிடத்துக்குத் தள்ளிப் பாருங்கள்.

பிள்ளைகள் “ஒண்ணும் தெரியல” என்றதும் அவர் சொன்ன பதில்தான் மிகக் கெட்டது: “பிள்ளைக்குக் கண்ணுல பவர் இருக்கு, டாக்டர்ட்ட காட்டுங்க.” அதைக் கேட்டுச் சில பெற்றோர் பயந்துபோனார்கள். மாறுகண்ணோ ஒரு கண்ணில் பார்வைக் குறைவோ உள்ள பிள்ளைக்கு 3டி ஆழம் தெரியாமல் போவது உண்மை. நல்ல 3டி படத்தில் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை என்றால் கண் மருத்துவரிடம் காட்டுவது நல்லதே. கூடம் முழுக்கத் தெரியவில்லை என்றால் கோளாறு டிஸ்க்கில்.

யாரை அழைத்தாலும் எழுத்தில் வாங்குங்கள்: படத்தின் பெயர், பாகம், ஆண்டு, ஓடும் நேரம், எந்த வகை 3டி, புரொஜெக்டர் மாடல், ஒரு பிள்ளைக்குப் புதுக் கண்ணாடி ஒன்று, காட்சி சரியில்லை என்றால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பது. ‘போலராய்டு 3டி’ என்று ஒருவர் சொன்னால் வெள்ளிப் பூச்சுள்ள திரை கொண்டுவருகிறாரா என்று கேளுங்கள். வெள்ளைத் துணியிலும் சுவரிலும் அந்த முறை வேலை செய்யாது. சிறு ஆளுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் இருக்கலாம், ரசீது தராததற்கு அது சாக்கு இல்லை. பள்ளிக்குள் பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர்களுக்கு மட்டும் படம் காட்ட 1957 பதிப்புரிமைச் சட்டம் விலக்குத் தருவதைச் சொல்லி அவர் தைரியம் கொடுப்பார். அந்த விலக்கு திருட்டு டிஸ்க்கை நல்ல டிஸ்க் ஆக்காது. டிஸ்க்கின் உறையையும் பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நோட்டீஸ், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்க வேண்டாம். படம் ஓடும்போதே கைப்பேசிக் கேமரா முன்னால் சிவப்புப் பக்கத்தை வைத்துப் பத்து விநாடி, நீலப் பக்கத்தை வைத்துப் பத்து விநாடி அதே காட்சியைப் பதிந்தால், இரண்டு கண்ணுக்கும் ஒரே படம்தான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லலாம். பணம் கட்டிய பெற்றோரே திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. புகார் என்றதும் “அடுத்த மாசம் ஃப்ரீயா ஒரு ஷோ போட்டுத் தாறேன் சார்” என்பார். ஒப்புக்கொள்ள வேண்டாம். வாசனை அட்டைக்கு வாங்கிய 20 ரூபாயையும் சேர்த்துப் பணமாகவே கேளுங்கள், ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரேயும் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுங்கள்.