யாழ்ப்பாணத்து வீட்டு அறையில் ஒலிவாங்கி: நீண்டகாலப் பாவனையில் தெரிந்தவை

பாட்டோ கவிதையோ காணொளிக்கான குரலோ வீட்டிலேயே பதிய வெளிக்கிடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது மெல்லிய ஒலியையும் நுணுக்கமாக எடுக்கும் கண்டென்சர் வகை ஒலிவாங்கி. பூச்சுச் சுவரும் சீமெந்து நிலமும் உள்ள எங்கள் அறைகளில் குரல் பதிய, மேடையில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் வகைதான் முதல் தெரிவு. வருடக்கணக்கில் இரண்டையும் பாவித்த பிறகும் இந்த முடிவு மாறவில்லை.

டைனமிக் வெளியிலிருந்து வரும் சத்தத்தை எடுக்காது என்று கடையில் சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்துக் குரலின் அளவையும் சமப்படுத்தினால், காகமும் ஓட்டோவும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விழும். விஷயம் தூரத்தில் இருக்கிறது. ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக்கை வாயிலிருந்து 5 சென்ரிமீற்றரில் வைத்துப் பாடலாம். கண்டென்சருக்கு 15 முதல் 20 வரை வேண்டும். அதைவிடக் கிட்டப் போனால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று குத்தும். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபெல் கூடும். 20இலிருந்து 5க்கு வந்தால் 12 டெசிபெல். அந்த 12ஐக் கெயினில், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவில், குறைத்துவிட்டால் தெருச்சத்தமும் சுவரில் பட்டுவரும் எதிரொலியும் கூடவே இறங்கும்.

கிட்டப் பாடினால் அடிக்குரல் தடிக்கும். பதிந்ததில் 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடுங்கள். ஒலிவாங்கியை வாய்க்கு நேரே பிடிக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் சரித்தால் காற்றுக் குத்தலும் குறையும்.

ஷூரின் இன்னொரு டைனமிக்கான எஸ்எம்7பி நல்ல ஒலிவாங்கிதான், ஆனால் முதலாவதாக வாங்க வேண்டாம். அதற்கு 60 டெசிபெல் அளவுக்குச் சுத்தமான கெயின் வேண்டும். ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் மலிவானதாக இருந்தால், அதன் திருகியைக் கடைசி வரை திருப்பினால் இரைச்சல்தான் மேலே வரும். பிறகு கெயினைக் கூட்டத் தனியாக ஒரு பூஸ்டரும் வாங்க வேண்டிவரும்.

வயலின், வீணைக்குக் கதை வேறு. தூர வைத்துப் பதிய வேண்டும், மேல் ஒலிகளும் தெளிவாக வர வேண்டும். இங்கே கண்டென்சர் அவசியம். வாங்கும்போது அதன் சொந்த இரைச்சல் அளவைப் பாருங்கள், குறைவாக இருப்பதே நல்லது: ஓடியோ டெக்னிக்கா ஏடி2020க்கு 20 டெசிபெல், ரோட் என்டி1-ஏக்கு 5. மெல்லிய மீட்டலில் இந்த வித்தியாசம் காதுக்கே தெரியும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பகலில் கண்டென்சரை எடுக்கவே வேண்டாம். சோளகக் காற்று யன்னலை அடிக்கும் நாட்களிலும் இரவு பிந்திய நேரமே நல்லது, மின்விசிறியை நிறுத்திவிட்டு.

அறையைப் பற்றி ஒன்று. பலர் மெத்தையை ஒலிவாங்கிக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். இங்கே சொன்ன ஒலிவாங்கிகள் எல்லாம் முன்பக்கத்தையே கூடுதலாகக் கேட்கும் கார்டியொயிட் வகை, பின்பக்கத்தில் மிகக் குறைவாகத்தான் கேட்கும். அது பார்த்துக்கொண்டிருப்பது பாடுபவரையும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும். ஆகவே தும்பு மெத்தையைப் பாடுபவரின் முதுகுப் பக்கம், சுவரிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி நிமிர்த்தி வையுங்கள். ஒலிவாங்கியின் வால்பக்கம் யன்னலைப் பார்க்கட்டும். அப்போது ஒரே ஏற்பாட்டில் இரண்டு தொல்லையும் குறையும்.

எஸ்எம்58இல் போலி அதிகம். உண்மையானது 298 கிராம். போலிகள் பல நிறை குறைந்தவை. வாங்குமுன் தராசில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் நிறை சரியாக இருப்பது மட்டும் போதிய சாட்சியல்ல. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பராமரிப்பில் டைனமிக் பெரிய தொல்லை தராது. பாவிக்கப் பாவிக்க வலைக்குள் இருக்கும் ஸ்பொஞ்சில் எச்சில் ஊறி மணக்கத் தொடங்கும், மேல் ஒலியும் மங்கும். வலையைத் திருகிக் கழற்றி, அதை மட்டும் மெல்லிய சவர்க்கார நீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கண்டென்சருக்கு மாரிகால ஈரம் எதிரி. ஒலியைப் பிடிக்கும் பகுதியான கப்சூலில் ஈரம் படிந்தால் மின்கசிவு ஏற்பட்டு ‘பட் பட்’ என்று வெடிக்கும். அப்படி வந்தால் பழுது என்று கழற்றாதீர்கள். சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்தால் அநேகமாகச் சரியாகிவிடும். ஸ்ராண்டிலேயே விட்டுவிடாமல் பாவித்து முடிந்ததும் டப்பாவுக்குள் வைப்பதே நல்லது.

‘ம்ம்ம்’ என்ற 50 ஹேர்ட்ஸ் முணுமுணுப்பு கேட்டால் ஒலிவாங்கியைக் குறை சொல்லாமல் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் பிழை சார்ஜரில் அல்லது வீட்டு எர்த்தில். எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் போடுங்கள், எலெக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்தைப் பார்ப்பியுங்கள். சத்தத்தை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த் காலை ஒருபோதும் வெட்டாதீர்கள். ஒலிவாங்கியின் உலோக உடல் உதட்டைத் தொடும் பொருள்.