துணையின் குழந்தையை உங்கள் டாக்ஸ் ரிட்டர்னில் காட்டலாமா? ஐஆர்எஸ் 501 கையேடு: ஒரு விமர்சனம்

அமெரிக்காவில் வருமான வரி ரிட்டர்னில் யாரை டிபென்டன்டாக (தன்னைச் சார்ந்து வாழ்பவராக) காட்டலாம் என்ற கேள்விக்கு, வரித்துறையான ஐஆர்எஸ் இலவசமாகத் தரும் பதில்தான் 501-ஆம் எண் வெளியீடு. ஐஆர்எஸ் தளத்திலேயே பிடிஎஃப் கிடைக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள், ஆகவே ரிட்டர்ன் எந்த ஆண்டுக்கோ அந்த ஆண்டின் பதிப்பையே எடுக்க வேண்டும். இந்த விமர்சனம் கையேடு முழுவதையும் பற்றியதல்ல. கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் வாழும் இருவர், குழந்தை ஒருவருடையது மட்டும், சம்பாதிப்பவர் மற்றவர் என்ற நிலைக்கு இது எவ்வளவு கைகொடுக்கிறது என்று மட்டும் பார்ப்போம். வசதிக்காக இங்கே தாய், அவருடைய துணைவர் என்று எழுதியிருக்கிறது; 'நீங்கள்' என்பது அந்தத் துணைவரை. தந்தையும் அவருடைய துணைவியும் என்றாலும் சட்டம் ஒன்றுதான்.

சுருக்கமாகச் சொன்னால், விதிகள் துல்லியம், கணக்குத் தாள் அருமை. ஆனால் இப்படிக் காட்டுவது குடும்பத்துக்கு லாபமா நஷ்டமா என்பதைக் கையேடு சொல்லித் தராது. அதை நீங்களேதான் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் 5-ஆம் அட்டவணைக்குப் போங்கள். அதில் இரண்டு பத்திகள்: இடப்பக்கம் 'தகுதிப் பிள்ளை', வலப்பக்கம் 'தகுதி உறவினர்'. பலரும் குழந்தை என்றதும் இடப்பக்கம் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பத்தி பெற்ற பிள்ளை, தத்துப் பிள்ளை, மாற்றுப் பிள்ளை (ஸ்டெப்சைல்ட்), ஏஜென்சியோ கோர்ட்டோ ஒப்படைத்த வளர்ப்புப் பிள்ளை, உடன்பிறந்தார், இவர்களின் வாரிசுகள் ஆகியோருக்கானது. கல்யாணம் இல்லாதவரை துணையின் குழந்தை மாற்றுப் பிள்ளை ஆகாது. பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்திருந்தாலும் கணக்கில் வராது. ஒரு விலக்கு உண்டு. சில மாநிலங்களில் பதிவு செய்த டொமெஸ்டிக் பார்ட்னர்களாக (கல்யாணமின்றிச் சேர்ந்து வாழ்வதை மாநிலத்தில் பதிந்தவர்களாக) இருந்து, அந்த மாநிலச் சட்டம் உங்களை மாற்றுப் பெற்றோராக ஏற்றால், ஐஆர்எஸ்ஸும் ஏற்கிறது. மற்றவர்கள் நேரே வலப்பக்கம் போகலாம். ரத்த உறவே இல்லாதவரும் அங்கே 'உறவினர்' ஆகலாம்.

வலப்பக்கத்தில் நான்கு நிபந்தனைகள். குழந்தை ஆண்டு முழுவதும் உங்கள் வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். அதன் மொத்த வருமானம் 2025-க்கு 5,200 டாலருக்குக் கீழ் இருக்க வேண்டும் (2024-க்கு 5,050). அதன் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் கொடுத்திருக்க வேண்டும். வேறு எந்த வரிதாரருக்கும் அது தகுதிப் பிள்ளையாக இருக்கக் கூடாது. இவை தவிர, குழந்தை அமெரிக்கக் குடிமகனாகவோ, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஒன்றில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும் என்பது போன்ற பொது விதிகளும் உண்டு.

ஆண்டு முழுவதும் என்றால் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. தாயும் குழந்தையும் பிப்ரவரியில் குடிவந்தார்கள் என்றால் அந்த ஆண்டு போச்சு. கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் சென்னைக்குப் போய்விட்டுத் திரும்புவது தற்காலிகமாக வெளியே இருப்பது, அதனால் பாதகமில்லை. ஆண்டின் நடுவே பிறந்த குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து கணக்கு. வருமான வரம்பு சின்னக் குழந்தைக்குப் பிரச்சினையே இல்லை. மளிகைக் கடையில் பகுதி நேரம் வேலை பார்த்து 6,000 டாலர் சம்பாதித்த பதினேழு வயதுப் பையனுக்கு அதுவே தடை.

உண்மையான சிக்கல் நான்காவது நிபந்தனை. குழந்தை தாயோடுதான் வாழ்கிறது, ஆகவே இயல்பாகவே அது அவருடைய தகுதிப் பிள்ளை. அப்படியானால் துணைவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் குறுகலானது. தாய் ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடமைப்பட்டவராக இருக்கக் கூடாது. அதோடு அவர் தாக்கலே செய்யாமல் இருக்க வேண்டும், அல்லது சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்பப் பெறுவதற்காக மட்டும் தாக்கல் செய்திருக்க வேண்டும். அப்போது சட்டத்தின் கண்ணில் அவர் 'வரிதாரர்' அல்ல. 2008-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் அறிவிக்கையில் ஐஆர்எஸ் இதைத் தெளிவாக்கியது. 501-இல் இதற்கு அடுத்தடுத்து வரும் எடுத்துக்காட்டுகள் மிக நல்லவை. வருமானமே இல்லாத தோழியின் குழந்தைக்கு அனுமதி உண்டு. கொஞ்சம் சம்பாதித்து, பிடித்த வரிக்காக மட்டும் ரிட்டர்ன் போட்ட தோழியின் குழந்தைக்கும் உண்டு. ரிட்டர்னில் ஈட்டிய வருமானக் கிரெடிட் (குறைந்த சம்பளத்தில் உழைப்பவர்களுக்கான வரிச் சலுகை) கேட்ட தோழியின் குழந்தைக்குக் கிடையாது. கையேட்டில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இவற்றைப் படித்துவிடுங்கள்.

ஆனால் 'தாக்கல் செய்யக் கடமை' என்பதன் முழுப் பொருள் கையேட்டின் முன்பகுதியில், 1 முதல் 3 வரையான அட்டவணைகளில் கிடக்கிறது. டிபென்டன்ட் பகுதியை மட்டும் படிப்பவர் கண்ணில் படாது. மணமாகாத, 65 வயதுக்குக் கீழானவருக்கு 2025-இல் வரம்பு 15,750 டாலர். 'அவள் அவ்வளவெல்லாம் சம்பாதிக்கவில்லையே' என்று இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 3-ஆம் அட்டவணை வேறு கதை சொல்லும். வீட்டிலிருந்து கேட்டரிங், டோர்டேஷ் டெலிவரி, டியூஷன் என்று சொந்தத் தொழிலில் செலவு போக 400 டாலர் நின்றாலே ரிட்டர்ன் கட்டாயம். அரசின் மார்க்கெட்பிளேஸ் வழியாக வாங்கிய மருத்துவக் காப்பீட்டுக்கு முன்கூட்டியே மானியம் பெற்றிருந்தாலும் கட்டாயம், வீட்டுக்கு அதற்கான 1095-ஏ படிவம் வந்திருந்தால் உடனே பாருங்கள். கட்டாயம் இருந்தும் தாக்கல் செய்யாமல் விட்டால் தப்பிக்கலாமா என்றால், முடியாது. கடமை இருந்தாலே அவர் வரிதாரர்தான்.

வீட்டில் தாயின் அம்மாவும் இருந்து வேலைக்குப் போகிறார் என்றால் அவரையும் பார்க்க வேண்டும். பாட்டிக்கும் பேரக்குழந்தை தகுதிப் பிள்ளைதான். 

கையேட்டின் சிறந்த பகுதி 2-ஆம் கணக்குத் தாள். 'பாதிக்கு மேல் செலவு' என்ற மங்கலான சொல்லை இருபத்தாறு வரிகளில் எண்ணாக்கித் தருகிறது. ஒரு மாதிரி பார்ப்போம். ஆண்டு வாடகை 18,000, உணவு 9,000, மின்சாரம், தண்ணீர், கேஸ் 3,000, ஆக 30,000. வீட்டில் மூன்று பேர், குழந்தையின் பங்கு 10,000. துணிமணி 600, பள்ளிச் செலவு 400, மருத்துவம் 500, பொழுதுபோக்கு 500 சேர்த்தால் 12,000. அதில் பாதி 6,000. குழந்தையின் தந்தை மாதம் 350 வீதம் 4,200 டாலர் ஜீவனாம்சம் தருகிறார். 23-ஆம் வரியில் அதைப் போட்டுக் கழித்தால் உங்கள் பங்கு 7,800, தேறிவிட்டீர்கள். இப்போது தாய் தன் பகுதி நேர வேலைப் பணத்தில் மாதம் 200 குழந்தைக்குச் செலவழித்தார் என்று வையுங்கள். 23-ஆம் வரி 6,600 ஆகும், உங்கள் பங்கு 5,400, தேறவில்லை. 'மற்றவர்கள்' என்றால் தாயும் அதில் அடக்கம் என்பதைத்தான் தாள் நிரப்புபவர்கள் அதிகம் மறக்கிறார்கள். உணவு முத்திரை (ஃபுட் ஸ்டாம்ப்) போன்ற அரசு உதவியும் அங்கேதான் போக வேண்டும். சொந்த வீடு என்றால் மார்ட்கேஜ் வட்டியையோ வீட்டு வரியையோ போடக் கூடாது. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்குமோ, அதை 6பி வரியில் போட வேண்டும்.

இனி கையேடு அதிகம் பேசாத விஷயம். இப்படிக் காட்டுவதால் துணைவருக்குக் கிடைப்பது மற்ற டிபென்டன்டுகளுக்கான 500 டாலர் கிரெடிட். கட்டவேண்டிய வரியைக் குறைக்கும், அதற்கு மேல் கையில் வராது. பிள்ளை வரிக் கிரெடிட் 2,200 கிடையாது. ஈட்டிய வருமானக் கிரெடிட் கிடையாது. ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் (குடும்பத் தலைவர் என்ற, வரி குறையும் தாக்கல் வகை) அந்தஸ்தும் கிடையாது, ஏனென்றால் இந்தக் குழந்தை உங்களோடு ஆண்டு முழுவதும் வாழ்ந்ததால் மட்டுமே 'உறவினர்' ஆனது. 4-ஆம் அட்டவணை அதைச் சொல்கிறது, ஆனால் அடிக்குறிப்புகளையும் விடாமல் படிக்க வேண்டும். பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கான டேகேர் கிரெடிட்டும் தகுதிப் பிள்ளைக்குத்தான்.

மறுபக்கம், தாய்க்கு டபிள்யூ-2 (நிறுவனம் தரும் சம்பளச் சான்று) சம்பளம் 12,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கும் குழந்தைக்கும் வேலைக்குச் செல்லுபடியாகும் சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்து, அவரே குழந்தையைக் காட்டித் தாக்கல் செய்தால், ஈட்டிய வருமானக் கிரெடிட் சுமார் 4,080. பிள்ளைக் கிரெடிட்டில் கையில் வரும் பகுதி, 2,500-க்கு மேற்பட்ட சம்பளத்தில் 15 சதவீதம், அதாவது 1,425. மொத்தம் 5,500-ஐத் தாண்டுகிறது. 500-க்காக இதை விடுவது வீட்டுக்கு நேரடி நஷ்டம். தாய்க்கு வருமானமே இல்லாதபோது, அல்லது மிகச் சொற்பமாக இருக்கும்போதுதான் துணைவர் காட்டுவதில் அர்த்தம் உண்டு. அப்போது தாயும் அதே நான்கு நிபந்தனைகளில் தேறினால் அவருக்காகவும் துணைவருக்கு ஒரு 500.

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கலாம். கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் துணையின் குழந்தையைச் சேர்த்தால், நிறுவனம் கட்டும் பங்கு உங்கள் சம்பளமாகக் கருதப்பட்டு அதற்கும் வரி பிடிப்பார்கள். குழந்தை உங்கள் டாக்ஸ் டிபென்டன்ட் என்றால் அந்த வரி இல்லை. எச்ஆரிடம் இதற்கென உறுதிமொழிப் படிவம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

டாக்ஸ் சாஃப்ட்வேரில் நடக்கும் தவறுகளில் முதலிடம் உறவு என்ன என்று கேட்கும் பட்டியலுக்குத்தான். 'ஸ்டெப்சைல்ட்' என்று தட்டினால் மென்பொருள் 2,200 கிரெடிட்டையும் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டையும் தாராளமாக அள்ளிக் கொடுத்துவிடும். பின்னால் கேள்வி வரும்போது பதில் சொல்ல ஆளிருக்காது. உறவில்லாதவர் என்ற வகையையே எடுத்து, ஆண்டு முழுவதும் வாழ்ந்தார் என்று குறிக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத குழந்தைக்கு ஐடின் (ஐஆர்எஸ் தரும் வரிதாரர் எண்) போதும். தாக்கல் கெடுவுக்குள் அது கிடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கு விண்ணப்பிக்கும் டபிள்யூ-7 படிவத்தை ரிட்டர்னோடு சேர்த்து அனுப்புங்கள்.

ஐஆர்எஸ் தளத்தில் இதே கேள்விக்கு 'இன்டராக்டிவ் டாக்ஸ் அசிஸ்டன்ட்' என்ற கேள்வி-பதில் கருவியும் உண்டு. பெயர், எண் எதுவும் கேட்காது. 15 நிமிடம் தொடாமல் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணக்குத் தாளை நிரப்பி முடித்தவருக்கு நல்ல சரிபார்ப்பு. நிரப்பாதவர் 'பாதிக்கு மேல் கொடுத்தீர்களா' என்ற இடத்தில் உத்தேசமாக 'ஆம்' என்று தட்டுவார், கருவியும் அதை அப்படியே நம்பிவிடும். கையேடு, கருவி இரண்டுமே தமிழில் இல்லை.

ரிட்டர்ன் போட்டபின் வரும் தொல்லைக்கு 501 அவ்வளவாக உதவாது. அதற்கு 886-எச்-டெப் என்ற படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஆர்எஸ் கேட்டால் என்னென்ன காகிதம் காட்ட வேண்டும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. பள்ளி, மருத்துவமனைப் பதிவுகளில் உங்கள் முகவரியே குழந்தையின் முகவரியாக இருக்கிறதா என்று டிசம்பருக்கு முன்பே பாருங்கள். குழந்தையை வேறு யாராவது முந்திக்கொண்டு காட்டியிருந்தால் முன்பெல்லாம் இ-ஃபைல் திரும்பிவிடும். 2025 தாக்கல் பருவத்திலிருந்து, ரிட்டர்ன் போடுபவரிடம் ஐபி பின் (ஐஆர்எஸ் தரும் அடையாளப் பாதுகாப்பு எண்) இருந்தால் ஏற்கிறார்கள். பிறகு இருவருக்கும் சிபி87ஏ கடிதம் வரும். தவறாகக் காட்டியவர் ரிட்டர்னைத் திருத்த வேண்டும். விதியைப் பொருட்படுத்தாமல் கேட்டதாக முடிவானால் இரண்டு ஆண்டுகள் இந்தக் கிரெடிட்டையே கேட்க முடியாது. அதன் பிறகும் 8862 படிவத்தோடுதான் கேட்க முடியும்.