குடியை நிறுத்தியவருக்குப் பெயரில்லாத மாத்திரை: ரங்கூனில் எங்களுக்கு நடந்தது

எங்கள் அண்ணன் பதினைந்து வருஷமாகத் தினமும் குடித்தவர். தண்ணீர்த் திருவிழா முடிந்த மறுநாள் காலையில், "போதும்டா தம்பி, இன்னையோட விட்டுடறேன்" என்றார். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலமே அவருக்குக் கை நடுக்கம், வேர்வை, காரணமில்லாத பயம். "செத்துப் போயிடலாம் போலிருக்கு" என்றதும் பதறிப்போய்ப் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம்.

அந்த டாக்டர் எத்தனை வருஷக் குடி, கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்கவே இல்லை. நானாகச் சொன்னதற்கு, "நல்லது, இனிமேல் தொடாதீங்க" என்றார், அவ்வளவுதான். இது டிப்ரஷன் என்று சொல்லி, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, மூன்று வகை மாத்திரையைச் சின்னப் பிளாஸ்டிக் பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தார். மேலே பேனாவால் 'காலை 1, இரவு 2'. மருந்தின் பெயர் இல்லை. எங்கள் வீட்டு இரண்டு வார மளிகைப் பணம் அங்கே போயிற்று.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு. பல் கிட்டி, நாக்கைக் கடித்து, தலையணை எல்லாம் ரத்தம். அண்ணி ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அண்ணன் கையில் திணித்தார். நான் அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ளே என்ன போயிருக்குன்னு தெரியாம நான் எதை நம்பி மருந்து கொடுக்கிறது?" மறுநாள் கிளினிக்கில் போய் நின்று பெயர்களை எழுதி வாங்கினேன். மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின், படபடப்பைக் குறைக்கும் புரோப்ரனலால், ஒரு வைட்டமின்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கியபோதுதான் புரிந்தது. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். அதன் பிறகு பிதற்றலும் இல்லாததைப் பார்ப்பதும் வரலாம், உயிரே போகலாம். இதைத் தடுப்பது டயசெபாம் வகை மருந்து. அளந்து கொடுத்து, சில நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். அந்த மருந்தோடு சாராயமும் குடித்தால் மூச்சே அடங்கிவிடலாம், அதனால் நாமாகக் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. புரோப்ரனலால் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைக்கும், வலிப்பைத் தடுக்காது. அமிட்ரிப்டிலினோ வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடியது. குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூளைக்கே ஆபத்து. குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு என்று நாமும்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

மனச்சோர்வைப் பற்றியும் கேட்டேன். குடியை விட்ட இரண்டு, நான்கு வாரத்தில் பலருக்குத் தானாகவே குறையுமாம். குறையாவிட்டால் அதற்கென்று மருந்து தொடங்கலாமாம். ஆனால் சாவைப் பற்றிப் பேசுகிற ஆளை அதுவரைக்கும் ஒரு நிமிஷமும் தனியாக விடக் கூடாது என்றார்.

உங்கள் வீட்டில் யாராவது குடியை விடப் போகிறார் என்றால், நிறுத்துவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எந்தக் கிளினிக்காக இருந்தாலும் மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அண்ணன் குடியை விட்டு ஐந்து வாரம் ஆகிறது. நேற்று டீக்கடையில் கண்ணாடித் தம்ளரை ஒரே கையால் பிடித்துக் குடித்தார்.