நீல விளக்கைத் தின்ற ரிலே

பட்டர்வொர்த்திலிருந்து அக்காள் மகன் கேட்கிறான்: "மாமா, ஹெட்லைட்டுக்கு ரிலே வயர் போட்டீர்களே, நானும் வாங்கட்டுமா?" (ரிலே என்பது சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்.) நேற்றுக் கேட்டிருந்தால் உடனே வாங்கு என்றிருப்பேன். இன்று காலை பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் வாசலில் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஜம்பர் கேபிள் இரவல் வாங்கிக் காரைக் கிளப்பிக்கொண்டு வந்தவனிடம் கேட்டிருக்கிறான்.

வெளிச்சத்தைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். பழைய ஜப்பானிய வண்டி, எச்4 பல்பு; தூர வெளிச்சத்துக்கும் (ஹை பீம்) கிட்ட வெளிச்சத்துக்கும் (லோ பீம்) ஓர் இழை வீதம், 60/55 வாட். பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்க, பல்பின் சாக்கெட்டில் 11.9தான் காட்டியது மீட்டர். மிச்சத்தை இருபத்தைந்து வருடப் பழைய வயரும் சுவிட்சும் சூடாக்கித் தீர்த்தன. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 விழுக்காடு போய்விடும். ரிலே போட்ட பிறகு, பேட்டரியிலிருந்து தடித்த வயரில், முனையை ஒட்டியே ஃபியூஸ் வைத்து, மின்சாரம் நேராகப் பல்புக்குப் போகிறது. பழைய சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்புவதோடு சரி. சாக்கெட்டில் 13.4. பாலிக் புலாவிலிருந்து துன் சார்டோன் சாலையில் மழையில் இறங்கும்போது வளைவுக்கு அப்பால் படுத்திருக்கும் நாய்கூடத் தெரிகிறது. 100 வாட் பல்பு போட்டு சாக்கெட்டை உருக்கிக்கொள்கிறவர்கள் இதைப் பார்க்கவேண்டும்.

இரண்டு வருடமாக என்னை அரிப்பது வேறு. ஹை பீம் போட்டால் டாஷ்போர்டில் எரியவேண்டிய நீல விளக்கு எரிவதில்லை. உற்றுப் பார்த்தால் அணையப்போகும் ஊதுபத்தி நுனி மாதிரி ஏதோ தெரிகிறது, அதுவும் இரவில் மட்டும். இந்த வண்டியில் சுவிட்ச் எர்த் (நெகட்டிவ்) பக்கம் இருக்கிறது; பாசிட்டிவ் எப்போதும் பல்பில் காத்துக்கொண்டிருக்கும். நீல விளக்கு தனக்கு வேண்டிய மின்சாரத்தை, அந்த நேரம் சும்மா இருக்கும் லோ பீம் இழை வழியாக வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது இழை இருந்த இடத்தில் ரிலேயின் கம்பிச்சுருள் இருக்கிறது. அதன் தடை பல மடங்கு அதிகம், விளக்குக்கு வந்து சேருவது சொச்சம்தான். ரிலே செட் வந்த பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இன்று மார்கழிப் பூசைக்கு இருட்டில் கிளம்பினேன். ஆயர் ஈத்தாமில் எதிரே வந்த இரண்டு பேர் விளக்கை அடித்துக் காட்டினார்கள். போலீஸ் நிற்கிறது போலும் என்று மெதுவாக ஓட்டினேன்! ஹை பீமிலேயே போய், விளக்கை அணைக்காமல் அப்படியே சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டேன். இரண்டு பல்பும் பின் விளக்குகளும் சேர்ந்து 10 ஆம்பியருக்கு மேல். பேட்டரியோ 40 ஆம்பியர்-மணி. பூசை, பிரசாதம், பழைய நண்பர்களோடு பேச்சு என்று மூன்று மணி நேரம். ஸ்டார்ட்டர் ஒரு முறை முனகியது, அவ்வளவுதான்.

சாவி இல்லாமலும் விளக்கு எரிவது ரிலேயின் குற்றமில்லை, அது வண்டியின் பிறவிக்குணம். மறந்தது நான். ஆனால் அந்த நீல விளக்கு ஒழுங்காக எரிந்திருந்தால் இறங்கும்போது கண்ணில் பட்டிருக்குமா இல்லையா?

வயர்மேன் கடையில் கேட்டேன். டாஷ்போர்டைக் கழற்றி நீல விளக்குக்குத் தனி வயர் இழுக்க 120 வெள்ளியாம். ரிலே செட் வாங்கியதே 65 வெள்ளிக்கு. கதவைத் திறந்தால் கத்துகிற பஸர் ஒன்றும் வைத்துக்கொள்ளச் சொன்னார். "இல்லையென்றால் ரிலேயைக் கழற்றிப் பழையபடி ஆக்கிவிடட்டுமா, அண்ணே?" என்றார். வேண்டாம் என்றேன்.

மருமகனே, நீ வாங்காதே.